தேர் நின்ற மூலை

தாழம்பேட்டில் சுற்றுலாத் தலம் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. குப்பை லாரி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஏரியின் வடக்கு மூலையில், சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் நகராட்சி லாரி தினமும் பின்பக்கமாக வந்து நிற்கும், முதுகைத் தூக்கி ஏரிக்குள் கொட்டிவிட்டுப் போகும். போய்க் கேட்டதற்கு, "பாசனம் இல்லாத ஏரிதானே, சும்மாதானே கிடக்கு" என்றார்கள். வரும் வருஷத்திலிருந்து இன்னும் இரண்டு ஊர்க் குப்பையும் இங்கேதான் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பாசனம் இல்லை என்பது உண்மைதான். ஏரிக்குக் கீழே என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலமெல்லாம் பிளாட்டாகி, கல் நட்டு, நகர் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் கம்பெனியில் திருகாணி முடுக்குகிறேன். நிலம் போனதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை, அது எங்கள் நிலமும் இல்லை. ஆனால் ஏரி போனால் கிணறு போகும். வடக்குத் தெருக் கிணற்றில் அந்த வருஷமே தண்ணீர் நாறத் தொடங்கிவிட்டது. சோறு வடித்தால் சோறு நாறியது. எங்கள் வீடு அதற்கு அடுத்த தெரு. என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு தெரு இடைவெளிதான்.

அப்போதுதான் பார்த்தசாரதி சார் வந்து சேர்ந்தார். ஆவடி டிபென்ஸ் பேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். காலையில் எங்கள் ஏரிக்கரையில் நடக்க வருவார். குப்பை அவருடைய மூக்கிலும் ஏறியிருக்க வேண்டும். ஒரு நாள் கரையில் நின்று எங்களிடம் சொன்னார்: "உபயோகமில்லாத ஏரின்னுதானே கொட்டறாங்க? உபயோகம் காட்டுவோம். படகு விடுவோம்."

சுற்றுலாத் துறை அந்த வருஷம் பட்டணத்துக்கு மேற்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஏரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறதாம். தேர்ந்தெடுத்துவிட்டால் அதில் யாரும் குப்பை கொட்ட முடியாதாம். சார் மூன்று விஷயம் சொல்வார், மனப்பாடமாக: ஜனங்கள் சுலபமாக வரணும், பேர் தெரிஞ்ச இடமா இருக்கணும், நிலைச்சு நிக்கணும். வருவதற்குப் பூந்தமல்லி பஸ் நிறுத்தத்திலிருந்து ஆட்டோ பேசினார். பேருக்கு வாரப் பத்திரிகை ஒன்றில் நாலு வரி போட வைத்தார். எங்கேயோ பொருட்காட்சி முடிந்து கிடந்த அன்னப்பறவை மூஞ்சி வைத்த மிதிபடகு ஒன்றையும் பிடித்துவந்தார். அடியில் விரிசல் இருந்தது, தார் வைத்து அடைத்தோம்.

நிலைச்சு நிற்கிற விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. நகர்களின் சாக்கடையெல்லாம் ஏரியில் விழும்போது அது தழைக்காமல் என்ன செய்யும். பெண்கள் நாங்கள் வேலை விட்டுவந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்தோம். அள்ளிக் கரையேற்ற ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய், ஏரி ஒடுங்குகிற கிழக்குப் பக்கத்தில், இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் அடைத்துக் கயிறு கட்டிவிடலாம் என்று முடிவானது. பார்க்க வரப்போகிற சுற்றுலாத் துறை மேடத்துக்கு முன்பக்கம் பளிச்சென்று தெரிந்தால் போதுமே. வடக்கு மூலைக் குப்பைக்கு ஓலைத் தட்டி வைத்து, அதன் மேல் நல்வரவு என்று துணியும் கட்டியாகிவிட்டது.

கயிறுதான் நிற்கவில்லை. காலையில் காற்று ஏரியின் மேற்கிலிருந்து வரும், பாசி, தாமரை எல்லாம் கிழக்கே ஒதுங்கிக் கிடக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பும். அப்போது ஏரியில் மிதப்பது எதுவானாலும் வடக்கு மூலையில் போய்ச் சேரும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், சாருக்கும் சொல்லியிருந்தோம். முதல் நாள் கட்டிய கயிறு அந்தக் காற்றில் அறுந்தது. அடுத்த நாள் இரட்டையாகக் கட்டினோம், அதுவும் அறுந்தது. அவ்வளவு பெரிய பச்சை மெத்தையைப் பிடித்து நிறுத்துகிற கயிறு ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்காளம்மன் தேர் வடம்.

பூசாரி வேம்புலி என் அம்மாவின் தம்பி. வடம் கேட்டுப் போனபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனுக்கு மூள கீதா? மேடம் வர்ற தேதி இன்னா?"

"ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம மாசி அமாவாச. மயானக் கொள்ள. அன்னிக்கு அம்மன் தேரு சுடுகாட்டுக்குப் போவணும். வடத்தை உன் தாமரைக்குக் கட்டிட்டு, தேர இன்னா என் தலைமுடியில கட்டி இஸ்துகினு போறதா?"

"அவங்க ஒம்போது மணிக்கு வர்றாங்க மாமா. பத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். தேரு சாயங்காலந்தான கெளம்புது? உச்சி சாயறதுக்குள்ள வடம் கோயில் வாசல்ல இருக்கும்."

"யாரு பொறுப்பு?"

"நான்தான்."

அவர் தட்டில் கற்பூரம் ஏற்றினார். நான் அதன் மேல் கையடித்துச் சத்தியம் செய்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பயம் எதுவும் இல்லை. ஒன்பது மணிக்கும் உச்சிக்கும் நடுவில் அவ்வளவு பெரிய பொழுது கிடக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. பார்த்தசாரதி சார் சலவைச் சட்டையோடு சாலையைப் பார்த்து நின்றார், நின்றபடியே வேர்த்து நனைந்தார். மாலைகள் வாடின. வரவேற்க வந்த குவார்ட்டர்ஸ் ஆட்கள் சாப்பிடப் போனவர்கள் திரும்பவில்லை. நான் ஏரிக்குக் கிழக்கே இருந்த பனைமரத்தையும் தலைக்கு மேலே இருந்த சூரியனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி சாய்ந்ததும் மாமா வந்தார். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, காதில் செருகிய செவ்வரளி. கோபம் இருந்தால் அவர் குரல் தணிந்துவிடும்.

"வள்ளி, சாஞ்சிடுச்சு."

"ஜீப்பு வந்துகினே கீதாம் மாமா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"யாரு சொன்னது?"

"சாரு."

"சாரா கற்பூரம் அடிச்சாரு? நீ அடிச்சே."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மாமா, இப்ப அவுத்தா காத்து அப்படியே கொண்டாந்து முன்னாடி தள்ளிடும். அந்தம்மா வந்து பாக்கறப்ப ஏரியே இருக்காது. அப்புறம் குப்பதான். வடக்குத் தெரு தண்ணிய நீயும் மோந்து பாத்தியே."

அவர் ஏரியைப் பார்த்தார். "தேரு கெளம்பற வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல உன்னாண்ட வந்து கேக்க மாட்டேன். அவுத்துகினு போய்க்கினே இருப்பேன்."

ஜீப் வந்தபோது மணி மூன்றுக்கு மேல். சுசீலா மேடம் இறங்கியதும் முதலில் சொன்னது இதுதான்: "இப்படி ஓர் இடம் இருக்கிறதே காட்டுப்பாக்கத்துல ஒருத்தருக்கும் தெரியலை. எங்கேயோ குத்தம்பாக்கம் வரைக்கும் அனுப்பிச்சுட்டாங்க." பேர் தெரிந்த இடம் என்ற விஷயம் அங்கேயே படுத்துவிட்டது. மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். இடது காலில் இடுப்பு வரைக்கும் இரும்புச் சட்டம், கனமான பூட்ஸ், கையில் ஊன்றுகோல். போலியோ. அவர் நடப்பதைப் பார்த்த பிறகுதான் எங்கள் படகுத்துறைக்குப் படி இருந்ததே எங்கள் கண்ணில் பட்டது. மூன்று படி, கைப்பிடி கிடையாது.

சார் கையை நீட்டினார். மேடம் அதைப் பிடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கினார்.

"கைப்பிடி போட்டுடலாம் மேடம்," என்றார் சார்.

"போட்டுடலாம்னு சொல்ற இடங்களுக்குத்தான் சார் தினமும் போயிட்டிருக்கேன்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் பயம் கூடியது.

சாரும் நானும் முன்னால் உட்கார்ந்து மிதிக்க, மேடம் பின்னால் உட்கார்ந்தார். கடற்காற்று வந்துவிட்டிருந்தது, கன்னத்தில் பட்டது. ஏரி என்னவோ அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. நீர்க்காகம் ஒன்று முக்குளித்து எழுந்தது. மேடம் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தார். "நல்லாயிருக்கு," என்றார். சார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவர் கண் கலங்கியிருந்தது. பாவம், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவ்வளவு பாடு.

"அந்தத் தட்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"சுடுகாடு மேடம். அதான் மறைச்சிருக்கோம்," என்றார் சார். பாதி உண்மை.

அப்போது கோயில் பக்கம் தேர் கிளம்புகிற பம்பைச் சத்தம் கேட்டது. எனக்குக் கால் நின்றுவிட்டது. கிழக்கே பார்த்தேன். பனைமரத்தடியில் மஞ்சள் வேட்டி. பக்கத்தில் நாலைந்து பேர், அதில் ஒருவர் என் வீட்டுக்காரர் துலுக்கானம். தேர் வடத்தில் முதல் கை எப்போதும் அவருடையது. மாமா முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைச் செய்கிறார், நான்தான் செய்யவில்லை. கத்திக் கூப்பிட்டால் மேடத்துக்குத் தெரிந்துவிடும். கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"சார், திரும்பிடலாம்," என்றேன் மெதுவாக.

"கிழக்குப் பக்கம் பறவைங்க நிறைய இருக்கு போலிருக்கே," என்றார் மேடம். "அங்கே ஒரு சுற்று போயிட்டு வரலாமா?"

சார் கிழக்கே பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. அப்போது அவர் "வேண்டாம் மேடம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஓரமாப் போயிட்டு வந்துடலாம் மேடம்," என்றார். எத்தனையோ நாள் கெஞ்சி வரவழைத்தவரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தாமரை மெத்தை வேகமாகவெல்லாம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. ஒரு பக்கம் தண்ணீராக இருந்த இடம், திரும்பிப் பார்த்தால் பச்சை. துறைக்குப் போகிற வழியில் முதலில் ஒரு திட்டு வந்து நின்றது. அதைச் சுற்றிப் போகப் பார்த்தோம், இன்னொன்று வந்தது. அப்புறம் காலடியில் மிதி இறுகியது. துடுப்புச் சக்கரத்தில் தண்டு சுற்றிக்கொண்டது. சார் எழுந்து நின்று மிதித்தார், சங்கிலி மட்டும் கடகடவென்றது.

"உக்காருங்க சார். கவுந்துடும்," என்றேன்.

காற்று படகையும் தாமரையையும் சேர்த்தே தள்ளியது. எங்கே தள்ளும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓலைத் தட்டியின் முதுகுப்பக்கம் தெரியத் தொடங்கியது. நாற்றம் வந்தது. மேடம் மூக்கை மூடவில்லை. கிழிந்த மெத்தை, ஆஸ்பத்திரிப் பஞ்சு, டயர், செத்த நாய், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுதான் சுடுகாடா சார்?" என்று கேட்டார்.

அந்த மூலையில் செங்கல் சூளைக்காரன் மண் எடுத்த பள்ளம் இருக்கிறது, ஆள் ஆழத்துக்கு மேல். தாமரைத் தண்டும் குப்பையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். நீச்சல் தெரிந்தவனும் கால் உதற முடியாது. படகின் ஒரு பக்கம் முழுக்கத் தாமரை அழுத்தியதில் மறுபக்கம் தாழ்ந்தது. தார் வைத்த விரிசல் வாயைத் திறந்தது. என் கணுக்காலில் தண்ணீர் பட்டது. கையால் இறைக்கத் தொடங்கினேன், இறைக்க இறைக்க ஏறியது.

"எனக்கு நீந்தத் தெரியாது," என்றார் மேடம், சாதாரணமாக. "இந்த இரும்போட தெரிஞ்சாலும் பிரயோஜனமில்லை. இதைக் கழற்ற நேரமாகும்." சொல்லிவிட்டு இடுப்பு வாரை அவிழ்க்கத் தொடங்கினார். வார் வரவில்லை. அவர் குரல் நடுங்காதது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. நான் குனிந்து அவர் பூட்ஸின் கயிற்றை இழுத்தேன். நனைந்த முடிச்சு அவிழவில்லை. என் சத்தியம்தான் அப்படி இறுகிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் பம்பை பக்கத்தில் கேட்டது. தேர் வந்துகொண்டிருந்தது. சுடுகாட்டுக்குப் போகிற ஒரே பாதை லாரி வருகிற அந்தப் பாதைதான். அம்மன் முகத்தை வைத்துக்கொண்டு தேர் மேட்டில் ஏறி நின்றது. வடத்தைப் பிடித்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"யோவ்," என்று கத்தினேன். என் வீட்டுக்காரரை நான் ஊரார் முன்னால் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "படகுல தண்ணி ஏறுதுய்யா. வடத்தைப் போடு."

துலுக்கானம் வடத்தை விடாமல் அப்படியே நின்றார். ஏன் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் பூசி, பூசை போட்டுத் தேரில் பூட்டிய வடத்தைச் சுடுகாடு போய்ச் சேருகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் ஊருக்கு ஆகாது. அந்த முறையில்தான் நானும் வளர்ந்தேன். கரையிலிருந்து ஒருவர் வேட்டியை முடிந்து வீசினார், பாதி தூரம்கூட வரவில்லை. இன்னொருவர் குப்பையில் இறங்கி இடுப்புவரை புதைந்தார், அவரை இழுத்துப்போட நாலு பேர் தேவைப்பட்டது.

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா அம்மனைப் பார்த்தார். "பூ கேக்கறேன்," என்றார்.

பம்பை நின்றது. அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. விழாவிட்டால் இல்லை. மாமா தேருக்கு முன்னால் கை கட்டி நின்றார். ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. என் முழங்காலில் தண்ணீர் ஏறியது. பூ கேட்பதென்றால் சில வருஷங்களில், அது விழுகிற வரைக்கும் கற்பூரம் மாற்றி மாற்றி ஏற்றுவார்கள். எனக்கு அந்த அம்மன் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. விழு, விழு என்று வாய்விட்டே சொன்னேன்.

மாமா தேர்ப்படியில் ஏறினார், குனிந்தார், எழுந்தார். கையில் செவ்வரளி. "குடுத்துட்டா," என்றார். "அவுங்கடா."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற பலகையைத் தாமரை மேல் போட்டு, வடத்தின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, துலுக்கானம் அதன் மேல் குப்புறப் படுத்துக் கையால் தள்ளித் தள்ளி வந்தார். பலகை இரண்டு தடவை முங்கியது. இரண்டாவது தடவை அவர் தலை தெரியாமல் போனபோது நான் படகைவிட்டு இறங்கப் போனேன். மேடம்தான் என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார். துலுக்கானம் மேலே வந்து, அன்னப்பறவையின் கழுத்தில் வடத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"கெட்டியா புட்ச்சுகோங்க," என்றார்.

தேரிழுக்கிற அத்தனை பேரும் படகை இழுத்தார்கள். டயர் மேலும் மெத்தை மேலும் உரசிக்கொண்டு படகு வந்தது. மேட்டுக்கு ஒரு கை தூரத்தில் துலுக்கானம் மேடத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். சாரை இழுத்தார்கள். நான் கடைசியாக ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் படகு முழுக்கத் தண்ணீர் நிறைந்து பள்ளத்தில் சரிந்தது. வடம் அதோடு போனது. பிடித்திருந்தவர்களின் காலடியில் குப்பை மேடு இடிந்து விழ, மாமா, "உடுங்கடா, உட்டுடுங்க," என்றார். விட்டார்கள். மஞ்சள் பூசிய வடம் பாம்பாக நெளிந்துபோய்த் தண்ணீருக்குள் மறைந்தது.

மேடத்தை முட்டுப் பலகை மேல் உட்கார வைத்தோம். இரும்புச் சட்டத்தில் தாமரைத் தண்டு சுற்றியிருந்தது, அவரே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். சார் முன்னால் நின்று ஏதோ ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார்," என்றார் மேடம். "மறைச்சுக் காட்டின இடத்துக்கு நான் ஜனங்களை அனுப்ப முடியாது. இன்னிக்கு நான் இருந்தேன். நாளைக்கு இதே படகுல குழந்தைங்க இருந்திருந்தா? இந்த ஏரியை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தக் குப்பையை முதல்லயே காட்டியிருந்தீங்கன்னா, நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. பயமெல்லாம் போய் ஆத்திரம் வந்தது. "குப்பைய காட்றேன் வாங்கன்னு கூப்ட்டிருந்தா வந்திருப்பீங்களா மேடம்?"

"வந்திருக்க மாட்டேன்," என்றார். பொய் சொல்லாத மனுஷி. அதற்காகவும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஜீப் போனபோது பார்த்தசாரதி சார் கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் வடக்குத் தெருப் பக்கம் பார்த்தேன். இனி எங்கள் கிணறுதான் என்று தெரிந்துவிட்டது.

மாமா கரகத்தை மட்டும் தலையில் எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்கு நடந்தார். மயானக் கொள்ளை முடிந்து திரும்பியதும், தேரை எப்படிக் கோயிலுக்குக் கொண்டுபோவது, வேறு கயிறு போடலாமா என்று பேச்சு வந்தது. மாமா தேரைப் பார்த்தார். அது நின்றிருந்த பாதையில் பதிந்திருந்த லாரிச் சக்கரத் தடத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வடம் தண்ணியில போயிடுச்சின்னா, அடுத்த மாசிக்குப் புது வடம் ஏத்தித்தான் தேரு நவுரணும். அதுவரைக்கும் அம்மா எங்க நிக்கறாளோ அங்கதான் நிப்பா. கை வெச்சவன் குடும்பம் வெளங்காது."

அப்படி ஒரு முறை இருப்பதை அன்றைக்குத்தான் ஊரே கேள்விப்பட்டது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போகாமல் மூலையில் நின்றேன். லாரி பின்பக்கமாக வந்தது, நின்றது. டிரைவர் இறங்கி வந்து பாதையை அடைத்து நிற்கிற தேரையும், அம்மன் முகத்தையும், காலடியில் எரிகிற கற்பூரத்தையும் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு, லோடோடு திரும்பிப் போனான். அடுத்து வந்தவனும் அப்படியே. அதிகாரிகள் வந்தார்கள், ஆள் வைத்துத் தள்ளச் சொன்னார்கள். தள்ள ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் அன்றைக்குத் துலுக்கானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பூவே உழல."

"இன்னாய்யா சொல்றே?"

"நான் தேராண்டதான் நின்னுகினு இருந்தேன். அம்மன் தலையில வெச்ச பூவு அப்பிடியே கீது. மாமா எடுத்துக் காட்னது அவரு காதுல சொருவியிருந்தது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதற்குள் கதை பரவிவிட்டது. மூழ்கப்போன படகை அம்மன் வடத்தைக் கொடுத்து இழுத்தாள், இழுத்த இடத்திலேயே நின்றுவிட்டாள் என்று. எந்தப் பத்திரிகையும் போடவில்லை, போட வேண்டியிருக்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்தும் மேனாம்பேட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. காட்டுப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் தேர் நின்ற மூலைக்கு வழி சொன்னார்கள். பலகாரக் கடை, வளையல் கடை, ராட்டினம்கூட வந்துவிட்டது. பார்த்தசாரதி சார் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "நாம பாடுபட்டு வராத கூட்டம்," என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நடக்க முடியாதவர்கள் வருவதற்கென்று மேட்டை வெட்டிச் சரிவாக்கினார், கைப்பிடி நட்டார். அதை மட்டும் மறக்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டம் கலைந்த பிறகு ஏரியோரம் போனேன். கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓரம் முழுக்க டீ கப்பும் பிரசாதத் தொன்னையும், பாலிதீன் பையும், எலுமிச்சைத் தோலும். லாரி ஏற்றிவந்து கொட்டியதை இப்போது ஜனங்கள் கையிலேயே கொண்டுவந்து போடுகிறார்கள். எனக்கு அப்படியே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மாமாவிடம் போனேன். "மாமா, நாளையிலேந்து கற்பூரம் ஏத்தறவங்க ஒவ்வொருத்தருகிட்டயும் கையடிச்சு சத்தியம் வாங்கு. கொண்டாந்தத ஏரியில போட மாட்டேன், திரும்ப எடுத்துகினு போவேன்னு."

அவர் சிரித்தார். "சத்தியம் வாங்கினா? காப்பாத்திடுவாங்களா?"

நான் அவர் காதில் செருகியிருந்த செவ்வரளியையே பார்த்தேன். அவர் கை தானாகப் போய்ப் பூவைத் தொட்டது.

"நம்ம ரெண்டு பேர விட நல்லாவே காப்பாத்துவாங்க மாமா," என்றேன்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் இறங்கி, ஒவ்வொரு தொன்னையாகப் பொறுக்கத் தொடங்கினார். நான் சாக்கை விரித்துப் பிடித்தேன்.